தூய இலட்சியமும் அரை உரிமையும்

முழு நீதி கிட்டாதவிடத்து, கிட்டுகின்ற அரை நீதியை ஏற்பதா, உதறுவதா? இவ்வினாவை ஏட்டளவில் ஆராய்வதைவிட நம் நாட்டு வரலாற்றில் வைத்து ஆராய்வதே பொருத்தமாகும்.

1924ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்தில் மாணவர் காங்கிரஸ் என்ற பெயரில் தோன்றி, பின்னர் வாலிபர் காங்கிரஸ் என வழங்கிய இயக்கத்தைப் பலர் அறிவர். ஹன்டி பேரின்பநாயகம் என்ற கிறிஸ்தவ ஆசிரியர் அதன் உயிர்நாடியாக விளங்கினார். சைவ இளைஞரும் கிறிஸ்தவ இளைஞரும் அதில் தோளோடு தோள் நின்றனர். அவர்கள் சமயத்தைத் துறக்கவில்லை. சமயத்தின் நிழலில் வளர்ந்த தீண்டாமையைத் துறக்கச் சொன்னார்கள். பாடசாலைகளில் எல்லாச் சாதி மாணவருக்கும் சம ஆசனம் வேண்டுமென்றனர். 1927 நவம்பரில் காந்தியடிகளை யாழ்ப்பாணத்துக்கு அழைத்தவர்களும் அவர்களே. அவ்விளைஞரின் நேர்மையை ஐயுறுவதற்கில்லை.

1931இல் டொனமூர் அரசியல் திட்டத்தின் கீழ் தேர்தல் வந்தது. ஆண், பெண் இருபாலாருக்கும் வாக்குரிமை கிடைத்தது. ஆயினும் அத்திட்டம் பூரண சுயராச்சியம் அளிக்கவில்லை என்று கூறி, வாலிபர் காங்கிரஸ் தேர்தலைப் பகிஷ்கரிக்க அறைகூவியது. வடபகுதியின் நான்கு தொகுதிகளில் வேட்புமனு எதுவும் தாக்கலாகவில்லை. 1934 வரை அவ்விடங்கள் வெறுமையாகவே கிடந்தன. குறையுள்ளதைத் தீண்டாதிருப்பதே தூய்மை என்னும் விரத மனப்பான்மையை இதிற் காண்கிறேன்.

அதே 1931இல் மலையகத்தில் நிகழ்ந்தது வேறு. அட்டன் தொகுதியிலிருந்து பெரி. சுந்தரம் அரசாங்க சபைக்குச் சென்று, தொழில், கைத்தொழில், வர்த்தக அமைச்சருமானார். வதிவிட நிபந்தனைகளால் நெருக்குண்ட வாக்குரிமைதான். எனினும், கங்காணியின் பேரேட்டில் வெறும் ஆளெண்ணாக இருந்தவன் வாக்காளனானான். 1947இல் இலங்கை இந்தியர் காங்கிரஸ் ஏழு பிரதிநிதிகளைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது அந்த அரை உரிமையின் வலிமையாலன்றோ?

வாலிபர் வேண்டிய விடுதலை 1948இல் வந்தது. அவ்வாண்டே வந்த பிரஜாவுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளரை நாடற்றவராக்கியது. அடுத்த ஆண்டு வாக்குரிமையும் பறிபோயிற்று. நாடற்றோர் பிரச்சினையைத் தீர்க்க 2003இலும் ஒரு சட்டம் இயற்ற வேண்டியிருந்தது. பூரணம் என்று போற்றப்பட்ட சுயராச்சியமும் இறம்பொடையின் கொழுந்து மலையில் நிற்பவளுக்கு அரை நீதியாகக்கூட அமையவில்லை.

இதனால் அவ்விளைஞரை இகழ்தல் தகாது. அரை உரிமையோடு அமைந்துவிடலாம் என்பதும் என் கருத்தன்று. அமைந்துவிட்டோர் அதையும் இழந்ததை நாம் கண்டிருக்கிறோம். நான் கூறுவது இதுவே: நோன்பு நோற்பவன் தன் வயிற்றையே காயப்போட வேண்டும். காணியும் கல்வியும் உள்ளவன் முழு நீதி வரும்வரை காத்திருக்கக்கூடும். லயன் அறையில் வாழ்பவனால் இயலாது. ஒன்றை மறுக்குமுன், மறுப்பின் விலையைச் செலுத்தப்போகிறவர் யார் என்று கேட்டறிவதே இலட்சியவாதியின் முதற் கடமை. கிடைத்த பாதியைக் கையிற் பற்றிக்கொண்டு மீதிக்குப் போராடுவதில் மாசு எதுவும் இல்லை.