பார்ப்பவர் கடன்

பிறருடைய துன்பத்தைப் பார்ப்பதற்கு நமக்கு என்ன உரிமை இருக்கிறது? உதவி செய்யக் கூடியவன் பார்க்கலாம். உறவினன் பார்க்கலாம். இரண்டும் இல்லாத ஒருவன், தான் கற்றுக் கொள்வதற்காக மட்டும் ஒரு நோயாளியின் கட்டிலருகே போய் நிற்பது நியாயமா? கதை எழுதிப் பிழைக்கும் எனக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. பிறர் கண்ணீரை உற்றுப் பார்க்காமல் கதை பிறப்பதில்லை. ஆனால் சமீபத்தில் இது வேறொரு வழியாக என்னிடம் வந்து சேர்ந்தது.

வைத்தியம் படிக்க விரும்பும் இளைஞர்கள் பலர் கல்லூரி நாட்களில் ஒரு பருவத்தை ஐரோப்பாவில் கழிக்கிறார்கள். ஐரோப்பிய மாணவர்கள் நாடு விட்டு நாடு போய்ப் படிக்க 1987இல் எராஸ்மஸ் திட்டம் ஏற்பட்டது. அமெரிக்க மாணவர்களும் கோபன்ஹேகன் போன்ற நகரங்களுக்கு வருகிறார்கள். வார நாட்களில் வகுப்பு. இடையில் ஒரு நாள் ஆஸ்பத்திரி. அங்கே அவர்களுக்கு வேலை என்று எதுவும் கிடையாது. மருந்து கொடுக்கக் கூடாது. ஊசியைத் தொடக் கூடாது. டாக்டரின் பின்னால் நிழலாக நடந்து பார்க்க வேண்டும், அவ்வளவுதான். வெள்ளிக்கிழமை மாலையானால் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ரயிலேறி விடுகிறார்கள். இந்த வாரம் பெர்லின், அடுத்த வாரம் ஆம்ஸ்டர்டாம், அதற்கும் அடுத்த வாரம் வெனிஸ்.

இதைக் குறை சொல்லும் பெரியவர்கள் உண்டு. "நேற்று சாகக் கிடப்பவரைப் பார்த்த கண்ணால் இன்று கோபுரத்தையும் கால்வாயையும் பார்த்து ரசிக்க முடிகிறதே, என்ன மனசோ!" என்பார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. நோயாளிக்கு உதவாத துக்கத்தைச் சுமந்துகொண்டு அறையில் முடங்கிக் கிடப்பதால் யாருக்கும் லாபமில்லை. இருபது வயதில் ஊர் பார்க்கும் ஆசை இயற்கை. நான் அஞ்சுவது இதற்கு நேர்மாறான ஒன்றை. ஊர் சுற்றும் கண்ணோடு அவர்கள் ஆஸ்பத்திரிக்குள் நுழைந்துவிடக் கூடாதே என்பதுதான் என் கவலை.

அப்படி நுழைந்தவர்கள் இருந்திருக்கிறார்கள். லண்டனில் பெத்லம் என்ற மனநோய் ஆஸ்பத்திரி பதினெட்டாம் நூற்றாண்டில் ஒரு வேடிக்கை ஸ்தலமாகவே இருந்தது. பண்டிகை நாட்களில் ஜனங்கள் கூட்டம் கூட்டமாக வருவார்கள். உண்டியலில் காசைப் போட்டுவிட்டுப் பித்துப் பிடித்தவர்களைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போவார்கள். 1770இல்தான் இதற்குக் கட்டுப்பாடு வந்தது. அந்தக் காசு ஆஸ்பத்திரிக்குப் பயன்பட்டது உண்மையே. ஆனால் காசு போட்டதோடு கணக்குத் தீர்ந்தது என்று வந்தவர்கள் எண்ணினார்களே, அங்கேதான் அவர்களுடைய மனிதத்தன்மை குறைந்து போயிற்று.

மாணவன் கல்விக்காகப் பார்க்கிறான். ஆகவே அவன் வேறு என்று சொல்லலாம். ஆனால் கல்வி என்ற சொல் ஒன்றே எல்லாவற்றையும் நியாயப்படுத்தி விடாது. வியன்னா பொது ஆஸ்பத்திரியில் இரண்டு பிரசவப் பிரிவுகள் இருந்தன. ஒன்றில் வைத்திய மாணவர்கள் பயின்றார்கள். மற்றதில் மருத்துவச்சிகள் பயின்றார்கள். 1846இல் மாணவர்கள் பயின்ற பிரிவில் நூற்றுக்கு 11 தாய்மார்களுக்கு மேல் இறந்தார்கள். மற்றப் பிரிவில் இறந்தவர்கள் 3 பேருக்கும் குறைவு. தங்களை அந்த முதல் பிரிவில் சேர்க்க வேண்டாம் என்று கர்ப்பிணிகள் கெஞ்சி அழுதார்கள். 1847இல் ஸெம்மெல்வைஸ் என்ற டாக்டர் காரணத்தைக் கண்டார். பிணங்களை அறுத்துப் பயின்ற கையோடு மாணவர்களும் டாக்டர்களும் பிரசவ அறைக்கு வந்தார்கள். குளோரின் கலந்த நீரில் கை கழுவச் செய்ததும் சாவு குறைந்தது. அந்த மாணவர்கள் பொல்லாதவர்கள் அல்லர். கற்கும் ஆர்வத்தோடு வந்தவர்கள்தாம். அந்த ஆர்வத்துக்கு விலை கொடுத்தவர்கள், கட்டிலில் கிடந்த ஏழைத் தாய்மார்கள்.

இதற்கு மாறான கதையும் உண்டு. பாரிஸில் நெக்கர் ஆஸ்பத்திரியில் 1816இல் லயென்னெக் என்ற டாக்டரிடம் இருதய நோயுள்ள ஓர் இளம்பெண் வந்தாள். மார்பில் நேராகக் காதை வைத்துக் கேட்க அவருக்குக் கூச்சமாக இருந்தது. காகிதத்தை இறுகச் சுருட்டி, ஒரு முனையை அவள் மார்பிலும் மறு முனையைத் தம் காதிலும் வைத்தார். முன்னைவிடத் தெளிவாகவே கேட்டது. ஸ்டெதாஸ்கோப் பிறந்தது. அடுத்தவர் உடம்பின் முன் கூசி நின்றதால் அவருடைய அறிவு குறைந்துவிடவில்லை, வளரத்தான் செய்தது.

எனக்குத் தெரிந்த ஒரு பெண் கோபன்ஹேகனில் இப்படி ஒரு பருவம் படித்தாள். ஒரு நாள் டாக்டர் ஒரு மூதாட்டியிடம், "இந்தப் பெண் உடனிருந்து பார்க்கலாமா?" என்று கேட்டார். மூதாட்டி அவளை ஒரு கணம் பார்த்துவிட்டு, வேண்டாம் என்று தலையசைத்து விட்டாள். இவள் வெளியே வந்து தாழ்வாரத்தில் நின்றாள். "முதலில் அவமானமாக இருந்தது. நின்று கொண்டிருந்தபோதுதான் ஒன்று தோன்றியது. இத்தனை நாளும் சரி என்றவர்கள் அத்தனை பேரும் வேண்டாம் என்றும் சொல்லியிருக்கலாமே! சொல்லாமல் எனக்கு இடம் கொடுத்தார்கள்" என்று எழுதியிருந்தாள். அன்று அறைக்குள் இருந்திருந்தால் ஒரு நோயைப் பற்றித் தெரிந்து கொண்டிருப்பாள். வெளியே நின்றதால், தான் கடன்பட்டவள் என்பதைத் தெரிந்து கொண்டாள்.

ஆம், கடன்தான். வெனிஸில் அரண்மனையைப் பார்க்கச் சீட்டு வாங்குகிறோம். அத்துடன் கணக்குச் சரி. நோயாளிக்கு என்ன சீட்டு? மாணவன் கட்டும் கல்லூரிச் சம்பளத்தில் அவருக்கு ஒரு காசும் போவதில்லை. அவன் டாக்டராகும்போது அவர் உயிரோடு இருப்பாரோ, என்னவோ! இருந்தாலும் வேறு தேசம், வேறு பாஷை. பெற்றோரிடம் பட்ட கடனைப் பிள்ளைகளிடம் தீர்ப்பதுபோல், பின்னால் வரப்போகும் முகமறியாத நோயாளியிடம்தான் இதைத் தீர்க்க முடியும். டாக்டராகாமலே போய்விட்டால்? அப்போதும் கடன் போகாது. தன் வீட்டிலும் தெருவிலும் படுத்துக் கிடப்பவர்களிடம் அதைத் தீர்க்கலாம். அதுவரைக்கும் வட்டியாகக் கொடுக்கக் கூடியதும் உண்டு. அனுமதி கேட்டு நிற்பது, போ என்றால் போவது, பார்த்ததை நண்பர்களிடம் வேடிக்கைக் கதையாகச் சொல்லாமல் இருப்பது. கதை எழுதுகிறவனுக்கும் இது பொருந்தும்.

ஹேக் நகரத்து மௌரிட்ஸ்ஹாவுஸ் காட்சிசாலையில் ரெம்ப்ராண்ட் 1632இல் தீட்டிய ஓர் ஓவியம் இருக்கிறது. டாக்டர் டுல்ப் ஒரு பிணத்தின் கையை அறுத்துக் காட்டிப் பாடம் சொல்கிறார். சுற்றிலும் ஏழு பேர். அவர்களில் ஒருவர் பிடித்திருக்கும் காகிதத்தில் அங்கே கூடியிருப்பவர்களின் பெயர்கள் எழுதப்பட்டிருக்கின்றன. நடுவே கிடப்பவன் பெயர் அதில் இல்லை. அவன் திருட்டுக்காகத் தூக்கிலிடப்பட்டவன். ஆரிஸ் கிண்ட் என்று அழைக்கப்பட்டவன். பார்க்கலாமா என்று யாரும் அவனைக் கேட்கவில்லை. ஊர் பார்க்கப் போகும் மாணவன் அந்த ஓவியத்தின் முன்னும் சற்று நிற்கட்டும். அந்தப் பெயரை அறிந்துகொண்டு திரும்புகிறவன், அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குள் போகும்போது, என்ன நோய் என்று கேட்பதற்கு முன்னால் நோயாளியின் பெயரைக் கேட்பான் என்று நம்புகிறேன்.