சேலை கார்டு

அப்பா இறந்து பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு பங்கு பேசினார்கள். வீடும் ஒன்றரை ஏக்கர் நஞ்சையும் அண்ணனுக்கு. எனக்கு எதுவும் வேண்டாம் என்று நானே சொன்னதாக எல்லோருக்கும் நினைவிருக்கிறது. எனக்குத்தான் நினைவில்லை. 1989இல் தமிழ்நாடு அரசு இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தி, திருமணமாகாத மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் மகன்களுக்குச் சமமான பங்கைத் தந்தபோது எனக்குப் பத்து வயது. அந்தத் திருத்தத்தைப் பற்றி மேடைகளில் பேசியிருக்கிறேன், கட்டுரை எழுதியிருக்கிறேன். பேசிய அதே வாயோடு போய் சார்பதிவாளர் அலுவலகத்தில் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்திட்டேன். அம்மாவும் இட்டாள். அண்ணன் எங்கள் இருவருக்கும் வெளியே கரும்புச்சாறு வாங்கித் தந்தான்.

மிஞ்சியது மாட்டுக்கொட்டகையில் தார்ப்பாய் போர்த்திக் கிடந்த புல்லட். "அதை வேணா நீ எடுத்துக்க" என்றான். யாருக்கும் வேண்டாதது என்பதால்தான் எனக்கு வந்தது.

(அப்பாவுக்கு 'ஆர்' விகுதியும் அம்மாவுக்கு 'ஆள்' விகுதியும் போட்டுத்தான் இதை எழுதப்போகிறேன். இலக்கணம் படித்தவள், ஓரவஞ்சனை தெரிகிறது. மாற்றி எழுதிப் பார்த்தேன், அம்மா வேறு யாரோ ஆகிவிடுகிறாள்.)

1978இல் வாங்கிய வண்டி. 350 என்று பெயர். உண்மையில் 346 சிசி. இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்து வடிவம், திருவொற்றியூரில் 1950களின் நடுவிலிருந்து செய்யப்பட்டது. பிறந்த ஊரில் அந்தத் தொழிற்சாலைகள் 1970க்குள் மூடப்பட்டுவிட, வண்டி மட்டும் நம்மூரில் அதே உருவத்தோடு பல பத்தாண்டுகள் வந்துகொண்டிருந்தது. துப்பாக்கி போலச் செய்யப்பட்டது என்பது அந்த நிறுவனத்தின் பழைய விளம்பர வாசகம். எங்கள் தெருவில் அந்தச் சத்தம் கேட்டதும் அம்மா அடுப்பைத் தூண்டிவிடுவாள், அண்ணன் புத்தகத்தைத் திறப்பான், நான் வாசலில் காயப்போட்ட என் உள்ளாடைகளை எடுத்து மறைப்பேன். அடித்தார் என்று சொல்ல முடியாது. வந்தார், அவ்வளவுதான்.

2006இல் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கால் விழுந்தது. கிக்கரை மிதிக்கும் கால். அன்றிலிருந்து வண்டி நின்றது. அவர் இறந்தது 2011இல். 2022இல், எனக்கு நாற்பத்துமூன்று வயதில், சம்பளத்தில் கொஞ்சம் மிச்சம் பிடிக்க முடிந்தபோது அதைப் புதுக்கோட்டையில் ஒரு பட்டறைக்குக் குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனேன். ஏன் என்று கல்லூரியில் கேட்டார்கள். சட்டென்று சொல்ல ஒரு பதில் இருந்தது: ஆணின் வாகனத்தைப் பெண் ஓட்டப்போகிறேன். கைதட்டு வாங்கக்கூடிய பதில். அதில் பாதிக்கு மேல் பொய் என்று பட்டறையில்தான் தெரிந்தது.

பல வருடம் நின்ற எஞ்சினை உடனே உதைக்கக் கூடாது. பட்டறை பாய் முதலில் பிளக்கைக் கழற்றி, அந்தத் துளை வழியே டீசலும் ஆயிலும் கலந்து ஊற்றினார். பிஸ்டன் சிலிண்டரோடு ஒட்டிக்கொண்டிருந்தது. ஐந்து நாள் ஊறவிட்டு, டாப் கியரில் போட்டுப் பின்சக்கரத்தைக் கையால் முன்னும் பின்னும் அசைத்து அசைத்து அதை விடுவித்தார். ஆயில் முழுக்க மெல்லக் கசிந்து இறங்கி கிராங் அறையில் தேங்கியிருந்தது, அதை வடித்தார். டேங்குக்குள் பழைய பெட்ரோல் கெட்டியாகிப் பிசின் போலப் படிந்திருந்தது. கார்புரேட்டர் ஜெட்டுகளின் துளைகளும் அப்படியே அடைந்திருந்தன. அந்த நாற்றம் இப்போதும் மூக்கில் இருக்கிறது. ஸ்போக்ஸ் எல்லாம் துரு. சீட்டுக்குள் எலி குட்டி போட்டிருந்தது.

சனிக்கிழமைகளில் போய் ஸ்டூலில் உட்கார்ந்து கார்புரேட்டரைப் பிரித்துப் பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்ப்பேன். வருகிறவர்கள் என்னைப் போட்டோ எடுப்பார்கள். வீட்டில் குக்கரின் வால்வைக் கழற்றி, துளையில் ஊசி விட்டு அடைப்பெடுத்து, ரப்பர் வளையம் மாற்றி மறுபடி மாட்டுகிறேன். முப்பது வருடமாக ஒருவரும் போட்டோ எடுக்கவில்லை. மண்ணடுப்பு விரிசல் விட்டால் அம்மா சாணியும் களிமண்ணும் குழைத்துப் பூசுவாள். கிழிந்த பாயின் ஓரத்தைத் துணி வைத்துத் தைப்பாள். அதற்கெல்லாம் ரெஸ்டரேஷன் என்று பெயரில்லை, பொம்பளை வேலை என்று பெயர்.

பட்டறைக்கு வரும் சேகரிப்பாளர்களின் உலகில் ஒரே ஒரு சொல்தான் வேதம்: ஒரிஜினல். பெயிண்ட் ஒரிஜினலா, மட்கார்டு ஒரிஜினலா, டேங்கின் பொன்னிறக் கோடு கையால் போட்டதா, ஸ்டிக்கரா? எஞ்சின் நம்பரும் சேஸிஸ் நம்பரும் ஒத்துப்போகின்றனவா? எனக்கு மிலிந்த மன்னரும் நாகசேனரும் நினைவுக்கு வருவார்கள். தேரில் வந்தேன் என்கிறீர்களே, அச்சா தேர், சக்கரமா தேர், நுகமா தேர் என்று அந்தப் பிக்கு கேட்பார். எதுவும் இல்லை, இவையெல்லாம் சேர்ந்திருப்பதற்கு இட்ட பெயர்தான் தேர். எங்கள் வண்டிக்குப் பிஸ்டன் புதிது, செயின் புதிது, வயரிங் முழுக்கப் புதிது, ரிம் புதிது. அப்படியானால் நான் எதைக் காப்பாற்றுகிறேன்? அப்பாவின் வண்டியையா, அந்தப் பெயரையா?

இந்தக் கேள்வியோடு நான் சுகமாக இருந்தேன். படித்தவர்களுக்குப் பிடித்த கேள்வி. பாய் ஒரு நாள் பின்சக்கரத்தின் இடப்பக்கம் இருந்த கம்பி வலையைத் தட்டிக் காட்டி, "டீச்சர், இந்தச் சேலை கார்டைக் கழட்டிரலாமா? கம்பெனியோடது இல்ல, வெளியில வெல்டு வச்சது. லுக்கக் கெடுக்குது" என்று கேட்டார். அந்தச் சுகம் அன்றோடு போயிற்று.

1984. நான் டேங்கின் மேல் உட்கார்ந்திருந்தேன், அண்ணன் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நடுவில். இலுப்பூர் சாலை. பக்கவாட்டில் உட்கார்ந்திருந்த அம்மாவின் முந்தானை பின்சக்கரத்தில் சிக்கியது. வண்டி சற்றுத் தூரம் போனபிறகுதான் நின்றது. இடது மணிக்கட்டு முறிந்தது. நாட்டுவைத்தியரிடம் கட்டுப் போட்டார்கள், கோணலாகக் கூடியது. இன்றுவரை அவளால் போர்வையை முறுக்கிப் பிழிய முடியாது. "ஒழுங்கா உக்காரத் தெரியாதவ" என்று அப்பா இருபது வருடம் எல்லோரிடமும் சொன்னார். அவள் விழுந்த மறுவாரம் ஒரு லேத்துப் பட்டறையில் இந்தக் கம்பி வலையை வைத்து வெல்டு அடித்துக்கொண்டு வந்தார். யாரிடமும் எதுவும் சொல்லவில்லை.

பின்னிருக்கையில் ஒருவரை ஏற்றும் வண்டிக்குப் பின்சக்கரத்தில் பாதியாவது மறைக்கும் தடுப்பு இருக்க வேண்டும் என்று 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123ஆவது விதி சொல்கிறது. நாட்டில் எத்தனை முந்தானைகள் சிக்கிய பிறகு அந்த விதி வந்ததோ. அந்த வண்டியில் ஒரு பெண்ணை மனதில் வைத்துச் செய்யப்பட்ட ஒரே பாகம் அதுதான். ஒரிஜினல் தேடுகிறவர்கள் முதலில் கழற்றுவதும் அதைத்தான்.

கழற்றினால் வண்டி 1978க்குப் போய்விடும். அம்மாவின் மணிக்கட்டு போகாது. ஒரு பொருளைப் பழையபடி ஆக்குவது என்பதில் இப்படி ஒரு மோசடி ஒளிந்திருக்கிறது. நடந்த தவற்றின் சாட்சியையும் சேர்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்கிவிடலாம். அப்படியே விட்டால் அதுவும் நல்லதல்ல. அப்பாவின் சொல்லாத மன்னிப்பு என்று அதற்கு ஒரு கவிதை எழுதிவிடுவேன், எனக்கு என்னைத் தெரியும். மன்னிப்பு கேட்காதவருக்காக மகள் போய் மன்னிப்பு எழுதுவது எங்கள் குடும்பங்களில் மிகப் பழைய தொழில். 'கார்டு இருக்கட்டும் பாய், பெயிண்ட் மட்டும் அடிக்காதீங்க' என்றேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டார்.

கிக்கரை மிதிக்கும் வித்தையை அப்பா அண்ணனுக்கு அவனுடைய பதினைந்து வயதில் சொல்லித்தந்தார். கொட்டகை வாசலிலிருந்து என்னை உள்ளே போகச் சொன்னார். அது ஆண் பலம் வேண்டிய காரியம், தவறினால் எதிர்த்து உதைத்துக் கணுக்காலை உடைத்துவிடும் என்பார்கள். உடைக்கும், உண்மைதான். ஆனால் பலம் வேண்டியதில்லை. சாவியைப் போட்டு, கிக்கரை மெதுவாக அழுத்தினால் ஆம்பியர் மீட்டரின் முள் ஒரு பக்கம் சாய்ந்து நடுவுக்குத் திரும்பும். அங்கே நிறுத்த வேண்டும். இடது கைப்பிடியில் உள்ள டிகம்ப்ரசர் லிவரை அழுத்திக்கொண்டு கிக்கரை இன்னும் ஒரு சிறிது இறக்க வேண்டும். லிவரை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, பிறகு ஒரே நேராக மிதிக்க வேண்டும். வரிசைதான் முக்கியம், எடையல்ல. பாய் இதைச் சொல்லித்தர நான்கு நிமிடம் ஆனது. நாற்பத்துமூன்று வயதில், ஐம்பத்திரண்டு கிலோ எடையில், மூன்றாவது மிதியில் எடுத்தேன். அந்தச் சத்தம் கேட்டதும் என் கை, யாருமில்லாத பட்டறையில், எதையோ எடுத்து மறைக்கப் போனது.

கியர் வலது காலில், பிரேக் இடது காலில். ஸ்கூட்டி ஓட்டிப் பழகியவளுக்கு எல்லாமே தலைகீழ். முதல் கியர் மேலே, மற்ற மூன்றும் கீழே. பட்டறைக்குப் பின்னால் பொட்டலில் ஒரு மாதம் பழகினேன். சந்தோஷமாக இருந்தது. இதையும் சொல்லிவிட வேண்டும். அப்பாவின் மேல் எத்தனை கோபமிருந்தாலும் அந்த ஒற்றை சிலிண்டரின் துடிப்பு தொடை வழியாக ஏறும்போது சந்தோஷமாகத்தான் இருந்தது. ஒருவரின் அதிகாரத்தை அனுபவித்துப் பார்ப்பதும் அதிலிருந்து விடுபடுவதும் ஒரே மாதிரி உணர்வைத் தரக்கூடும் என்பது எனக்குப் பயமாகவும் இருந்தது.

ஆர்சி இன்னும் அப்பாவின் பெயரில். உரிமையாளர் இறந்துவிட்டால் வாரிசின் பெயருக்கு மாற்ற 31ஆம் எண் படிவம். வாரிசுச் சான்றிதழ் கேட்டார்கள், மற்ற வாரிசுகளின் ஆட்சேபணையின்மைக் கடிதம் கேட்டார்கள். அண்ணன் பார்க்காமலே கையெழுத்துப் போட்டான். அம்மாவிடம் கொடுத்தேன்.

அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுத்துக்கூட்டிப் படித்தாள். அவளுக்கு எழுத்து வந்தது 1990களின் தொடக்கத்தில், ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்த நாட்களில், அறிவொளி இயக்கத்தில். அதே இயக்கத்தில்தான் எங்கள் மாவட்டத்துப் பெண்கள் கூட்டம் கூட்டமாக சைக்கிள் பழகினார்கள். அம்மாவும் வாடகை சைக்கிளில் பழகினாள், பார் வைத்த ஆம்பளை சைக்கிள். வாசலில் புல்லட் நிற்க, அவள் தண்ணீர்க் குடத்தைக் கேரியரில் கட்டிக்கொண்டு போவாள். அப்பா அதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை; பார்க்காததுபோல் இருந்துகொண்டார்.

படித்து முடித்துவிட்டு, "இதுல போட்டா என் எட்டுப் பவுனு போயிருமா?" என்றாள்.

புல்லட் வாங்கியது அவளுடைய எட்டுப் பவுன் சங்கிலியையும் வளையலையும் அடகு வைத்து. மீட்கவே இல்லை, மூழ்கிவிட்டது. எனக்குத் தெரிந்த கதைதான். பெயர், பாகம், ஒரிஜினல் என்று ஏழு மாதம் தத்துவம் பேசிக்கொண்டிருந்தபோது ஒருமுறைகூட அது நினைவுக்கு வரவில்லை. வண்டி அப்பாவின் வண்டி. இப்போது மகளின் வண்டி. நடுவில் ஒருத்தி இருக்கிறாள் என்பதை நானும் அண்ணனைப் போலவே தாண்டிக்கொண்டு போயிருந்தேன். அவளிடம் கேட்டது கையெழுத்து மட்டும்.

புறநானூற்றில் அவ்வையார் பாட்டு ஒன்று, 102ஆவது, வருடா வருடம் நடத்துகிறேன். உப்பு வணிகர் வண்டியின் அடியில், மேடு பள்ளத்தில் அச்சு முறிந்தால் என்ன செய்வது என்று ஒரு சேம அச்சைக் கட்டிக்கொண்டு போவார்கள். அதியமானின் மகனை அந்தச் சேம அச்சுக்கு ஒப்பிடுகிறார். தகப்பன் முறிந்தால் மகன். பெண் எழுதிய பாட்டில்கூட உதிரி அச்சு மகன்தான் என்று வகுப்பில் சொல்லிப் பிள்ளைகளைச் சிரிக்க வைப்பேன். புல்லட்டைக் கையில் எடுத்தபோது நான் ஆசைப்பட்டதும் அந்த இடத்துக்குத்தானா?

"வித்துரட்டுமாம்மா? ஒருத்தர் கேட்டிருக்காரு" என்றேன். விலையைச் சொன்னேன். அவள் விரல்விட்டுக் கணக்குப் போட்டாள். எட்டுப் பவுனின் இன்றைய விலையில் அதைப்போல இரண்டு வண்டி வாங்கலாம். "இது வராதே" என்றாள். அவ்வளவு செலவு செய்து பழுது பார்த்தபிறகும் கடன் அடையவில்லை. ஆவேசமாக எதுவும் சொல்லவில்லை. கடிதத்தை மடித்துக் காலண்டருக்குப் பின்னால் செருகினாள். இரண்டு மாதம் அது அங்கேயே இருந்தது. வண்டி பட்டறையில் நின்றது. பாய் வாரம் ஒருமுறை ஸ்டார்ட் செய்து வைத்தார்.

ஆர்சிக்கு லைசென்ஸ் தேவையில்லை, உரிமையாளர் ஓட்டத் தெரிந்தவராக இருக்க வேண்டியதில்லை என்பது இத்தனை படித்த எனக்குத் தாமதமாகத்தான் உறைத்தது. புதிதாக ஒரு 31ஆம் படிவம் வாங்கிவந்து, பெயர் எழுதும் இடத்தில் அவள் பெயரை எழுதி, ஆட்சேபணையின்மைக் கடிதத்தில் என் கையெழுத்தைப் போட்டு அவளிடம் நீட்டினேன்.

வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். கோணல் மணிக்கட்டால் தாளை அழுத்திப் பிடித்துக்கொண்டு, எழுத்து எழுத்தாகக் கையெழுத்திட்டாள். பிறகு தலையைத் தூக்காமலே கேட்டாள்.

"அப்ப பெட்ரோலு யாருடி போடுறது?"