பார்த்து எடுத்துக்கொள்ளச் சொன்னால் போதுமா?

பழைய மோட்டார் சாமான் கடைகளில் வழக்கமாகச் சொல்லப்படும் வாசகம் ஒன்றுண்டு: "பழைய சாமான்தான், பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள்." இதைச் சொன்ன மாத்திரத்தில் விற்றவன் தோளிலிருந்த சுமை இறங்கி, வாங்கியவன் தோளில் ஏறிவிடுவதாக நாமெல்லோரும் நம்பிக்கொண்டிருக்கிறோம். கதவுக் கைப்பிடியும் பக்கக் கண்ணாடியும் விற்கும்போது இந்த நம்பிக்கை சரியாகவே இருக்கலாம். பிரேக் விற்கும்போதும் சரிதானா என்பதே நாம் எடுத்துக்கொண்ட கேள்வி. வேறு தொழில் செய்யும் அன்பர்கள் இது நமக்கல்ல என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். ஜவுளிக் கடைக்காரருக்கும் மளிகைக் கடைக்காரருக்கும் இதில் பங்குண்டு.

இச்சரக்கு எங்கிருந்து வருகிறதென்பதை முதலில் சொல்லிவிடுவோம். ஜப்பானில் வண்டி பழசாகப் பழசாக, அரசாங்கச் சோதனைக்கும் பழுது பார்ப்பதற்கும் ஆகும் செலவு ஏறிக்கொண்டே போகும். ஆகவே நன்றாக ஓடக்கூடிய வண்டிகளையே அங்கே கழித்துவிடுகிறார்கள். அவற்றை வெட்டி, 'ஹாஃப்கட்' என்ற பெயரில் மலேசியாவுக்குக் கப்பலேற்றுகிறார்கள். அவர்களும் நம்மைப்போல் சாலையின் இடப்பக்கம் ஓட்டுகிறவர்களாதலால் ஸ்டியரிங் முதற்கொண்டு இங்கே பொருந்திவிடுகிறது. சிங்கப்பூரிலோ 1990ஆம் ஆண்டு முதல் கார் வைத்துக்கொள்ள உரிமைச் சான்றிதழ் எடுக்க வேண்டும். அதன் ஆயுள் 10 ஆண்டு. புதுப்பிக்காத வண்டி கழிவுக்கோ வெளிநாட்டுக்கோ போய்விடும். இவ்விதம் தேயாத இரும்பு ஏராளமாகச் சந்தைக்கு வருகிறது. அதை எடுத்து, சுத்தம் செய்து, இல்லாதவனுக்கு மலிவாகக் கொடுப்பதில் கேவலம் ஒன்றுமில்லை. பழைய சாமான் தேடிச் சுங்கை ரோட்டுச் சந்தைக்குப் போன பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. 2017 ஜூலையில் அச்சந்தை மூடப்பட்டபோது வருந்தியவர்களில் நாமும் ஒருவர். ஆனால் அங்கே வாங்கிய கடிகாரம் நின்றுபோனால் பஸ்ஸைத் தவறவிடுவோம், அவ்வளவுதான்.

பிரேக்கைப் பற்றிக் கொஞ்சம் விவரம் தேவை. மிதியை அழுத்தினால் மாஸ்டர் சிலிண்டரிலிருந்து எண்ணெய் குழாய் வழியே தள்ளப்பட்டு, சக்கரத்தருகே காலிப்பரிலுள்ள பிஸ்டனை நகர்த்துகிறது. பிஸ்டன் பேடை டிஸ்க்கின் மேல் அமுக்குகிறது. டிரம் பிரேக்கில் வீல் சிலிண்டர் என்னும் சிறிய உறுப்பு இரு பக்கமும் விரிந்து, லைனிங்கை டிரம்மின் உட்புறத்தில் அழுத்துகிறது. அவசரமாக மிதிக்கும்போது இந்த எண்ணெயின் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 1,000 பவுண்டைத் தாண்டுவது சகஜம். அதை வெளியே கசியவிடாமல் பிடித்து நிற்பது காசளவு ரப்பர்.

காலிப்பரின் இரும்புக் கூடு 20 ஆண்டானாலும் உழைக்கும். ரப்பர் அப்படியன்று. ஓடினாலும் கெடும், சும்மா கிடந்தாலும் கெடும். எண்ணெயோ காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும் குணமுடையது. 'டாட் 3' வகை எண்ணெய் புதிதாக இருக்கையில் 205 டிகிரி வரையேனும் கொதிக்கக் கூடாது என்பது விதி. ஈரமேறிய எண்ணெய்க்கு அதே விதி 140 டிகிரியாக இறங்கிவிடுகிறது. மலைச்சரிவில் பிரேக்கை மிதித்தபடியே இறங்கினால் எண்ணெய் கொதித்து ஆவியாகும். ஆவி அமுங்கும். மிதி தரையைத் தொடும், வண்டி நிற்காது. அதே ஈரம் சிலிண்டரின் உள்ளே துருப் பிடிக்கவும் வைக்கிறது. நம் நாட்டுப் புழுக்கத்தில் கேட்கவே வேண்டாம்.

ஆகவே பழைய பிரேக்கைச் சீர்செய்வதென்றால் முழுவதும் பிரித்தாக வேண்டும். காற்றைக் கொடுத்துப் பிஸ்டனை வெளியேற்ற வேண்டும். (அப்போது விரல் முன்னால் இருக்கக் கூடாது, நம் பட்டறைப் பையன் ஒருவன் நகத்தை இழந்திருக்கிறான்.) காலிப்பர் பிஸ்டனில் ரப்பர் உராயும் இடத்தில் துருப்புள்ளி கண்டால் பிஸ்டனை எறிந்துவிட வேண்டும். வீல் சிலிண்டரில் ரப்பர் உட்சுவரோடு நகர்வதால் அங்கே சுவரைத்தான் பார்க்க வேண்டும். நகத்துக்குத் தட்டுப்படும் பள்ளமிருந்தால் அது கழிவு. டிஸ்க்கின் மேல் அதன் குறைந்தபட்சக் கனம் எழுதியிருக்கும்; அதை மைக்ரோமீட்டர் வைத்து அளந்து பார்க்க வேண்டும். ரப்பர் முழுவதும் புதிது போட வேண்டும். பழைய பேட், பழைய லைனிங், பழைய ஹோஸ் ஆகியவற்றைச் சீர்செய்வது என்ற பேச்சே கிடையாது. எண்ணெய் குடித்த லைனிங்கை ஊதுவிளக்கில் சுட்டு உலர்த்தி விற்பவர்கள் இருக்கிறார்கள். மேலே உலரும்; உள்ளே ஊறியது சூடேறும்போது மறுபடி வெளியே வரும்.

இவ்வளவும் செய்ய அரைநாள் பிடிக்கும். கம்பிப் பிரஷ்ஷால் தேய்த்து, வெள்ளி வர்ணம் அடிக்கப் பத்து நிமிடம் போதும். மேசைமேல் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், பத்து நிமிடச் சாமான்தான் கண்ணுக்கு அழகாயிருக்கும்.

நாமும் அதில் ஏமாந்தவர்தாம், பிறகு ஏமாற்றியவருமானோம். சில ஆண்டுகளுக்கு முன் ஓர் இறக்குமதியாளரிடம் சிறு லாரி, வேன்களுக்கான வீல் சிலிண்டர்கள் 24ஐ ஒரே லாட்டாக வாங்கினோம். பளபளவென்றிருந்தன. சீர்செய்யப்பட்டவை என்றார், நாம் பிரித்துப் பார்க்கவில்லை. பார்த்து எடுத்துக்கொள்ளச் சொல்லி 14ஐ விற்றோம். வாங்கியவர்களில் ரொட்டி வேன்காரர் ஒருவர் மூன்றாம் வாரம் திரும்பி வந்தார். அவர் சக்கரத்தில் எண்ணெய் ஒழுகி, மிதி அடியோடு இறங்கி, கைப்பிரேக்கை இழுத்து, வேனைச் சாலையோரக் கால்வாயில் இறக்கி நிறுத்தியிருக்கிறார். சத்தம் போடவில்லை. "பழைய சாமானென்று நீங்கள்தான் முதலிலேயே சொன்னீர்களே முதலாளி, வேறொன்று கொடுங்கள்" என்றார். அந்த வார்த்தை நம்மை உறுத்தியதுபோல் எந்த ஏச்சும் உறுத்தியிருக்காது. மிச்சமிருந்த 10ஐயும் அன்றே பிரித்தோம். ஏழில் உட்சுவர் அரித்திருந்தது.

அவர் பார்த்துத்தான் வாங்கினார், சம்மதித்துத்தான் வாங்கினார். பின் நம் குற்றம் என்ன?

மதீனத்துச் சந்தையில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தானியக் குவியலொன்றில் கையை நுழைத்துப் பார்த்த செய்தி நம் வியாபாரிகள் யாவரும் ஜும்ஆ மேடையில் கேட்டதே. மேலே உலர்ந்திருந்தது, உள்ளே விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்ததென்றார் விற்றவர். அந்த ஈரத்தை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்கலாகாதா என்று கேட்ட நாயகம் அவர்கள், மோசம் செய்பவர் தம்மைச் சேர்ந்தவரல்லர் என்று எச்சரித்தார்கள். இதில் நாம் கவனிக்கத் தவறுவது ஒன்றுண்டு. அந்த வியாபாரி பொய் சொல்லவில்லை. மழையும் அவர் செயலன்று. வாங்க வருகிறவன் தானே கையை விட்டுப் பார்த்திருக்கலாம். அப்படி இருந்தும், பார்த்து வாங்கவில்லையா என்ற கேள்வி வாங்குகிறவனை நோக்கிக் கேட்கப்படவில்லை. வெள்ளி வர்ணம் அந்தக் குவியலின் உலர்ந்த மேற்புறம் அல்லாமல் வேறென்ன?

குறைக்கு நான் பொறுப்பல்ல என்று நிபந்தனை போட்டு விற்பதைப் பற்றி கிதாபுகளில் பேச்சுண்டு. ஷாபிஈ மத்ஹபில் இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் மின்ஹாஜ் தரும் தீர்ப்புப்படி, அந்த நிபந்தனை உயிருள்ள பிராணியில், உள்ளே மறைந்திருக்கும், விற்பவனுக்கே தெரியாத அய்பு ஒன்றில் மட்டுமே அவனைக் காக்கும். ஆடுமாட்டின் வயிற்றினுள் இருப்பதை யார் கண்டார்? மற்றச் சரக்கில் நிபந்தனை நிற்காது. ஹனபி மத்ஹபில் அதற்கு இடம் அதிகம். எல்லாக் குறைக்கும் சேர்த்தே பொறுப்பு நீங்கிக்கொள்ளலாம். நம்மில் கரையோர ஊரார் பலர் ஷாபிஈ, உள்நாட்டு ராவுத்தமார் பலர் ஹனபி; ஒரே தெருவில் அடுத்தடுத்த கடைக்காரர்கள் இவ்விஷயத்தில் வேறுபடலாம். ஆனால் தெரிந்த குறையை மறைக்க இரண்டிலும் வழியில்லை. பிரித்துப் பார்க்கும் கையிருந்தும் பிரிக்காமல் விட்டுவிட்டு, எனக்குத் தெரியாது என்று சொல்வது எந்தத் தெரியாமையில் சேரும்? சிலிண்டர் ஆடுமாடல்ல, நான்கு திருகைக் கழற்றினால் அதன் வயிறு தெரியும்.

சட்டமும் ஓரளவு இதே பக்கம்தான். சிங்கப்பூரில் 2012 செப்டம்பர் முதல், பொதுஜனங்களுக்கு விற்ற பொருளில் 6 மாதத்துக்குள் தெரியவரும் குறை, விற்றபோதே இருந்ததாகக் கொள்ளப்படுகிறது. பழைய பொருளுக்கும் இது பொருந்தும். மலேசியாவில் 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. ஆயினும் சட்டமும் கிதாபும் பெரும்பாலும் இரண்டு பேரையே எதிரெதிரே நிறுத்திக் கேட்கின்றன: விற்றவன், வாங்கியவன். துணிக்கு அது போதும். கிழிந்த துணி உடுத்தியவனைத் தவிர யாரையும் கொல்லாது.

பிரேக்கில் மூன்றாமவன் ஒருவன் இருக்கிறான். அவன் கடைக்கு வந்ததில்லை, விலை கேட்டதில்லை, பார்த்து எடுத்துக்கொள்ளச் சொன்னதைக் கேட்டதுமில்லை. 2013 ஆகஸ்ட் 21ந் தேதி கெந்திங் மலையிலிருந்து இறங்கிய பஸ் பள்ளத்தில் விழுந்து 37 பேர் மாண்டார்கள். பிரேக்குகளின் கோளாறு விசாரணையில் வெளிப்பட்டது. மாண்டவர்கள் டிக்கெட்டுத்தான் வாங்கினார்கள், பிரேக் வாங்கவில்லை. நம் ரொட்டி வேன்காரர் தமக்காகச் சம்மதிக்கலாம். சாலை கடக்க நிற்கும் பள்ளிப் பிள்ளைக்காகச் சம்மதிக்க அவருக்கு ஏது அதிகாரம்? அப்படியிருக்க, அவருடைய சம்மதத்தை வாங்கி நாம் பையில் போட்டுக்கொள்வது எப்படி? உள்ளதை உள்ளபடி சொல்லி விற்பது நேர்மைதான். இந்த ஒரு சரக்கில் அந்த நேர்மை போதாது. குறை உள்ளதென்று தெரிந்தால், வாங்குகிறவன் வேண்டிக் கேட்டாலும் கொடுக்கலாகாது.

இதற்கு மறுப்பு உண்டென்பதை அறிவோம். புதியது வாங்க முடியாதவன் என்ன செய்வான்? நாம் கொடுக்காவிட்டால் இன்னும் மோசமானதை மாட்டிக்கொண்டு ஓட்டுவான். அப்போது அந்த மூன்றாமவனுக்கு என்ன லாபம்? இது பலமான வாதம். நமக்கும் முழுத் திருப்தியான பதில் அகப்படவில்லை. ஆனால் கணக்குப் பார்த்தோமானால், காலிப்பர் கூடுதான் விலையில் பெரும்பகுதி. ரப்பர் செட்டு அதில் ஒரு சிறு பங்கு. இரும்பைப் பழையதாகவும் ரப்பரைப் புதியதாகவும் கொடுத்தால் ஏழைக்கும் கட்டும். கட்டாத இடத்தில் தவணைக்குக் கொடுத்திருக்கிறோம். சில கடன் வந்தது, சில வரவில்லை. வராத கடனைப் பற்றி நம் பங்காளி சொல்லும் வார்த்தைகள் இங்கே அச்சேறத் தக்கவையல்ல.

இமாம் அபூஹனீபா (ரஹ்) அவர்கள் துணி வியாபாரி. குறையுள்ள துணியொன்றைச் சொல்லி விற்குமாறு கூட்டாளியிடம் கொடுத்தார்களாம். அவர் சொல்ல மறந்து விற்றுவிட்டார்; வாங்கியவர் யாரென்றும் தெரியவில்லை. இமாமவர்கள் விற்ற பணம் முழுவதையும் தருமம் செய்துவிட்டார்கள் என்று சொல்லப்படுகிறது. நம் 14 சிலிண்டர் விவகாரத்தில் இந்த வழியைப் பின்பற்றத்தான் முதலில் நினைத்தோம். பணத்தை ஒதுக்கியும் வைத்தோம். பிறகுதான் தோன்றியது: பணம் போனால் நம் பெட்டி சுத்தமாகும், சிலிண்டர் சக்கரத்தில் அப்படியேதான் இருக்கும்.

எனவே தேடிக்கொண்டு போனோம். ரசீதுகளில் பெயரில்லை, தொகைதான் இருந்தது. பட்டறை பட்டறையாகக் கேட்டு, ரொட்டி வேன்காரருடையதையும் சேர்த்து ஒன்பதைக் கண்டுபிடித்துக் கழற்றி, வேறு மாட்டிக் கொடுத்தோம். கழற்றியவற்றைக் காராங்கூனிக்காரருக்கு எடைக்குப் போடுமுன் சம்மட்டியால் உடைத்தோம்; முழுதாகப் போனால் வர்ணம் பூசிக்கொண்டு மறுபடி வந்துவிடும். அன்றிலிருந்து பிரேக் சாமான் விற்றால் வண்டி எண்ணும் டெலிபோன் எண்ணும் ரசீதில் ஏறுகின்றன. கடை வாசலில் அந்த லாட்டைப் பற்றிய அறிவிப்பு மூன்று பாஷையில் ஒட்டியிருக்கிறது. வெயிலில் எழுத்து மங்குந்தோறும் புதிதாக எழுதி ஒட்டுகிறோம். மீதி ஐந்து இன்னும் வரவில்லை.