வேங்கையும் மைந்தனும்

ஜெயங்கொண்டம் தாண்டிக் கங்கைகொண்ட சோழபுரத்துக்கு வருகிறவர்கள் முதலில் விமானத்தைத்தான் அண்ணாந்து பார்க்கிறார்கள். தஞ்சை விமானம் நேராக நிமிர்ந்து நிற்கும். இது உள்வாங்கி வளைந்து மேலேறும். உயரமும் தஞ்சையைவிடக் குறைவு. தஞ்சையில் கட்டிய அப்பாவுக்கு ஒரு படி கீழே நின்றுகொண்டான் மகன் ராஜேந்திரன் என்று சொல்வார்கள்.

எனக்கு வடக்கு வாசல் படியோரச் சிற்பத்தை விட்டு நகர மனம் வராது. அம்மையோடு அமர்ந்திருக்கும் சிவன், கைகூப்பிப் பணிந்த சண்டேசரின் தலையில் பூமாலையைச் சுற்றிக்கொண்டிருக்கிறார். அடிக்கு அடி வெற்றி பாடும் ஊரில் இவ்வளவு மெதுவான கை! பூசைக்கான பாலைக் காலால் இடறிய தகப்பனை வெட்டிய பிள்ளை சண்டேசர். தகப்பனில்லாமல் போனவருக்கு இறைவனே தகப்பனானார் என்கிறது பெரியபுராணம்.

இந்த நகரை எழுப்பிய ராஜேந்திரனை நாவலாக்கிய அகிலனும் தகப்பனைச் சிறு வயதில் பறிகொடுத்தவர். 1922இல் புதுக்கோட்டைப் பக்கம் பெருங்களூரில் பிறந்தார். வளர்த்து ஆளாக்கியது அம்மா அமிர்தம்மாள். பிழைப்புக்கு ஆர்.எம்.எஸ். என்ற ரயில் தபாலில் வேலை: யார் யாருக்கோ யார் யாரோ எழுதிய கடிதங்களை ஊர்வாரியாகப் பிரித்துப் பையில் கட்டி அனுப்புவது. அந்தச் சம்பளத்தில் குடும்பம் நடந்தது. மிஞ்சிய நேரத்தில் எழுத்து. பிறகு அந்த வேலையையும் விட்டு எழுத்தை நம்பி இறங்கினார். நம் ஊரில் அப்படியொரு முடிவை எழுதுகிறவர் மட்டும் எடுப்பதில்லை. அடுத்த மாத மளிகைக்கு வழி பார்க்க வேண்டிய வீடு முழுக்கச் சேர்ந்துதான் எடுக்கிறது.

ராஜேந்திரனைப் பற்றிய அந்த நாவல், 'வேங்கையின் மைந்தன்', கல்கி இதழில் தொடராக வந்தது. 1963இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. கடல் கடந்த சோழனைப் பற்றிய கதைக்கு வெற்றி, படை, கங்கை என்று எத்தனையோ தலைப்பு வைத்திருக்கலாம். அவன் யாருடைய பிள்ளை என்பதையே அகிலன் தலைப்பாக்கினார். அப்பாவின் நிழலே இல்லாமல் வளர்ந்தவர், அப்பாவின் நிழல் தலைக்கு மேல் மலையாய் நின்ற ஒருவனுக்குள் புகுந்து பார்த்திருக்கிறார். வீட்டில் எது இல்லையோ அதைத்தான் நாவலாசிரியன் ஒரு நகரத்தின் அளவுக்குக் கட்டுகிறான் என்று நான் நம்புகிறேன்.

ராஜேந்திரனின் அரண்மனை இன்று மாளிகைமேட்டில் அகழ்ந்தெடுத்த செங்கல் வரிசைகளாகக் கிடக்கிறது. கோயிலின் சுற்றுமதில் கற்களே 1836இல் கொள்ளிடத்தின் கீழணைக்குப் போய்விட்டன. அந்த நகரத்தில் ஆள் நடமாட்டத்தைப் பார்க்க நமக்கு நாவலைவிட்டால் வேறு வழியில்லை. 'சித்திரப்பாவை' நாவல் மூலம் தமிழுக்கு முதல் ஞானபீடம் தேடித் தந்த அகிலன் 1988இல் காலமானார். அவர் புத்தகங்கள் அச்சில் நிற்பதற்கு மகன் அகிலன் கண்ணனின் உழைப்பு காரணம். கல்லில் கட்டிய அரசனுக்குக் கிடைக்காத பராமரிப்பு, காகிதத்தில் கட்டியவருக்கு வீட்டிலிருந்தே கிடைத்திருக்கிறது.

ஆடித் திருவாதிரை விழாவுக்கு அரியலூர், பெரம்பலூர்ப் பிள்ளைகளைக் கோயிலுக்கு அழைத்து வரும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். ராஜேந்திரனைச் சொல்லி முடித்ததும் அகிலனையும் சொல்லுங்கள். ரயில் தபாலில் கடிதம் பிரித்தவர் என்று சொல்லுங்கள். அமிர்தம்மாளின் பிள்ளை என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள்.