பறந்த பிறகு வண்ணம்

அமெரிக்காவில் சொந்தமாக விமானம் கட்டுகிறவர்கள் கூடிப் பேசினால், ஒரு கேள்வி தவறாமல் வரும்: பெயின்ட் எப்போது? முதல் தடவை பறப்பதற்கு முன்பா, பறந்த பிறகா? வெளியிலிருந்து கேட்பவருக்கு இது அற்பமாகத் தெரியலாம். வருடக்கணக்காகச் சாயங்காலங்களையும் சனி ஞாயிறுகளையும் கராஜிலேயே கழித்தவருக்கு அப்படி இல்லை. ஒரு வேலையை எந்தக் கட்டத்தில் அழகுபடுத்தி ஊரார் பார்வைக்கு வைப்பது என்ற கேள்வி இதற்குள் இருக்கிறது. விமானமே கட்டாத நமக்கும் அது பொருந்தும்.

அங்கே விமானம் கட்டுவது சட்டம் அனுமதிக்கும் பொழுதுபோக்கு. வேலையின் பெரும்பகுதியைத் தனிநபர்கள் தங்கள் கல்விக்காகவோ பொழுதுபோக்குக்காகவோ செய்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. ‘51 சதவீத விதி’ என்று அதைச் சொல்வார்கள். இந்த ஆர்வலர்களுக்காக 1953இல் பால் போபெரெஸ்னி விஸ்கான்சினில் ஒரு சங்கம் தொடங்கினார். அது ஆண்டுதோறும் ஜூலையில் ஆஷ்கோஷில் நடத்தும் விழாவுக்கு 10,000 விமானங்களுக்குமேல் வந்து இறங்குகின்றன. ரிச்சர்ட் வான்கிரன்ஸ்வென் ஆரிகனில் தொடங்கிய நிறுவனம் விற்கும் ‘ஆர்வி’ கிட்டுகளைக் கொண்டு கட்டிப் பறந்தவை மட்டும் 11,000-ஐத் தாண்டும். அலுமினியத் தகடுகளில் ஆயிரக்கணக்கான ரிவெட்டுகள் அடித்து உருவாக்கும் விமானங்கள் அவை.

எனக்குத் தெரிந்த ஒருவர் அப்படி ஓர் ஆர்வி-7 கட்டி, வண்ணம் பூசாமலே பறக்கத் தொடங்கினார். ஏன் என்று கேட்டேன். பதில் சொல்லாமல் டார்ச்சை எடுத்துக்கொண்டு இறக்கைக்கு அடியில் என்னைக் குனியச் சொன்னார். பெட்ரோல் டாங்கின் ஓரத்தில், ஒரு ரிவெட்டைச் சுற்றி மங்கலான நீலக் கறை. விமான பெட்ரோலில் நீலச் சாயம் கலந்திருப்பதால் கசிவு தன்னைத்தானே காட்டிக்கொடுக்கிறது. அடுத்து வால் பக்கம் கூட்டிப்போனார். “ரிவெட்டிலிருந்து கறுப்பாக ஒரு கோடு பின்னோக்கி இழுத்திருக்கிறதா என்று தினமும் பார்ப்பேன். இருந்தால் அந்த ரிவெட் தளர்ந்து உள்ளே உரசுகிறது என்று அர்த்தம். வெறும் தகட்டில் இதெல்லாம் பளிச்சென்று தெரியும்,” என்றார்.

புதிதாகக் கட்டிய விமானம் முதல் சில மணி நேரங்களில்தான் தன் குணத்தைக் காட்டும். ஒரு பக்க இறக்கை தாழ்ந்தே பறக்கும். அதற்கு, இறக்கையின் பின்னோரத்தில் அசையும் ஏலரானின் பின்விளிம்பை மரத்துண்டு வைத்து இலேசாக அமுக்கிச் சரிசெய்வார்கள். எஞ்சின் சூடேறினால் மூடியில் கூடுதலாக ஒரு திறப்பு வெட்ட வேண்டிவரும். இதற்காகவே அரசும் ஒரு சோதனைக் காலம் வைத்திருக்கிறது. நெடுங்கால வழக்கப்படி, எஞ்சினும் புரொப்பெல்லரும் சான்று பெற்ற இணையாக இருந்தால் 25 மணி நேரம், இல்லையென்றால் 40 மணி நேரம். ஜன நெருக்கமில்லாத, குறித்த எல்லைக்குள் பறந்து காட்ட வேண்டும்.

நல்ல கடையில் பெயின்ட் அடிக்க ஆயிரக்கணக்கான டாலர் ஆகும். அவ்வளவு கொட்டிப் பளபளப்பாக்கிய தகட்டில் துளைபோட யாருக்குக் கை வரும்? குறை கண்ணில் பட்டாலும் ‘பரவாயில்லை, பிறகு பார்க்கலாம்’ என்று மனம் சமாதானம் சொல்லும். சீக்கிரம் பூசிய வண்ணத்தின் உண்மையான ஆபத்து இதுதான் என்று நினைக்கிறேன். குறையை அது மறைப்பதோடு, திருத்தும் துணிவையும் பறித்துவிடுகிறது. வாழ்க்கையிலும் இப்படித்தான். வேலையை விட்டுவிட்டு விவசாயம் செய்யப்போகிறேன் என்று உறவுக்கெல்லாம் அறிவித்தவர், நிலத்தில் தண்ணீர் இல்லை என்று தெரிந்த பிறகும் பின்வாங்கக் கூசுகிறார். யாருக்கும் சொல்லாமல் ஒரு போகம் செய்து பார்த்தவருக்கு அந்தக் கூச்சம் இல்லை.

அதற்காக, எல்லாவற்றையும் ஒத்திப்போடு என்பது நியாயமாகாது. அலுமினியம் கொஞ்ச காலம் பூச்சில்லாமல் தாங்கும். துணி போர்த்திய விமானம் தாங்காது. அந்தப் பாலியஸ்டர் துணியை வெயிலின் புற ஊதாக் கதிர் அரித்துவிடும். ஆகவே அலுமினியத் தூள் கலந்த வெள்ளிப் பூச்சு கொடுத்த பிறகே அதை வெயிலுக்குக் கொண்டுவருகிறார்கள். பர்ட் ருட்டான் 1970களில் வடிவமைத்த வேரி-ஈஸீ போன்ற ஃபைபர்கிளாஸ் விமானங்களுக்கு வெள்ளை நிறமே விதி. அடர்நிறம் வெயிலை உறிஞ்சினால் எபாக்ஸி பிசின் இளகி வலிமை குறையும். அங்கே பூச்சு என்பது விமானத்தின் கட்டுமானத்தில் சேர்ந்தது.

எனவே நாம் முதலில் கேட்க வேண்டியது, இந்தப் பூச்சு காப்பதற்கா, காட்டுவதற்கா என்றுதான். நண்பர்கள் இரண்டு பேர் சேர்ந்து கடை வைக்கிறார்கள். யாருக்கு எத்தனை பங்கு, பிரிந்தால் கணக்கு எப்படி என்று எழுதிக் கையெழுத்துப் போடுவது காப்பு. அதை முதல் நாளே செய்துவிட வேண்டும். மின்விளக்குப் பலகையும் பத்திரிகை விளம்பரமும் காட்சி. அவை வியாபாரம் நடக்குமா என்று தெரிந்த பிறகு வரலாம். நடைமுறையில் பெரும்பாலும் தலைகீழாக நடக்கிறது. பலகை மாட்டிவிடுகிறோம், ஒப்பந்தத்தை நம்பிக்கையின் பேரில் விட்டுவிடுகிறோம்.

வண்ணத்துக்கு எடையும் உண்டு. அமெரிக்க விண்வெளி ஓடத்தின் பெரிய எரிபொருள் கலனுக்கு 1981இல் நடந்த முதல் இரண்டு பயணங்களில் மட்டும் வெள்ளை பூசினார்கள். பிறகு அதை நிறுத்தி சுமார் 270 கிலோ மிச்சப்படுத்தினார்கள். சிறு விமானத்தில் அளவு குறைவு, விளைவு பெரிது. ஏலரான், வாலில் உள்ள எலிவேட்டர் போன்ற அசையும் பாகங்களில் கீலுக்குப் பின்பக்கம் பெயின்டின் எடை ஏறினால் சமநிலை கெட்டு, வேகத்தில் படபடவென்று அதிர்ந்து பாகமே பிய்ந்துபோகக்கூடும். ஆகவே பூசிய பிறகு அவற்றின் சமநிலையை மறுபடி சோதித்து, விமானத்தையும் மறுபடி எடைபோடுவார்கள். புகழும் பாராட்டும் வந்து சேர்ந்த மனிதருக்கும் இந்தச் சோதனை தேவை. நேற்றுவரை எளிதாகச் சொன்ன ‘எனக்குத் தெரியாது’ என்ற பதிலை இன்றும் சொல்ல முடிகிறதா என்று அவர் பார்த்துக்கொள்ளலாம்.

இன்னொரு கோடியில் இருப்பவர்களையும் சொல்ல வேண்டும். சோதனை மணிகளெல்லாம் முடிந்தும், ‘இன்னும் சில வேலை பாக்கி’ என்று வருடக்கணக்கில் வெறும் தகட்டோடு பறப்பவர்கள். தொட்ட விரல்ரேகைகூட நாளடைவில் அலுமினியத்தில் கறையாகப் பதியும். எழுதி முடித்த கதையை அனுப்பாமல் வைத்திருப்பவரும், கற்ற பாட்டைக் கச்சேரியில் பாடத் துணியாதவரும் இந்த வரிசையில்தான் வருவார்கள். பார்ப்பவர் தீர்ப்புக்கு அஞ்சும் மனம், சோதனை என்ற பெயரில் ஒளிந்துகொள்கிறது.

இதற்கும் விமானக்காரர்களின் வழியே சரி. சோதனைக் காலத்தை ஆரம்பத்திலேயே எண்ணில் வகுத்துவிடுகிறார்கள். பிறகு மனம் விரும்பியபடி குறைக்க இடமில்லை; நீட்டிக்கொண்டே போகவும் சாக்கு இல்லை. நாமும் ஒரு காரியத்தைத் தொடங்கும்போதே அதற்கு ஒரு சோதனைக் கெடு குறித்துக்கொள்ள வேண்டும். காக்கும் பூச்சை முதல் நாளே கொடுங்கள். கெடு முடியும்வரை குறைகள் தெரியும்படி திறந்தே வைத்துத் திருத்துங்கள். கெடு முடிந்ததும் தயங்காமல் வண்ணம் பூசி, மறுபடி ஒருமுறை எடைபோட்டுக்கொண்டு, எல்லோரும் பார்க்கப் பறங்கள்.