ஆப்பிள் பையின் வரவு செலவு

அக்டோபர் மாதத்துச் சனிக்கிழமைக் காலை. அமெரிக்காவின் வடகிழக்கில், நியூ இங்கிலாந்துச் சிற்றூர்களில் ஏதாவது ஒன்று. சிவப்புக் கதவு வைத்த மரக்கோயிலின் கீழ்த்தளக் கூடத்தில் எட்டுப் பத்துப் பேர் நீள மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆப்பிள் தோல் சீவுகிறார்கள். பெரும்பாலும் பெண்கள், பெரும்பாலும் அறுபதைக் கடந்தவர்கள். மேசை விளிம்பில் திருகி வைத்த இரும்புக் கருவியின் கைப்பிடியைச் சுழற்றச் சுழற்றத் தோல் நாடா நாடாவாக உதிர்கிறது. மூலையில் காபிப் பானை முனகிக்கொண்டிருக்கிறது. யாருக்கு முட்டி அறுவை சிகிச்சை, யார் வீட்டுப் பேத்தி கல்லூரிக்குப் போனாள், போன வாரப் பிரசங்கம் ஏன் அவ்வளவு நீளம் என்பதெல்லாம் சீவிய தோலோடு சேர்ந்து தொட்டியில் விழுகின்றன.

அவர்கள் செய்வது ஆப்பிள் பை. தமிழில் எழுதினால் துணிப்பை மாதிரித் தோன்றுவதைத் தவிர்க்க வழியில்லை. மைதாவும் வெண்ணெயும் பிசைந்த ஓட்டுக்குள் ஆப்பிளையும் சர்க்கரையையும் பட்டைத்தூளையும் அடைத்துச் சுடும் பண்டம் அது. நவம்பரில் வரும் கோயில் சந்தைக்காக இன்றே செய்து உறைபெட்டியில் அடுக்கிவிடுவார்கள்.

இதில் ஒரு கணக்கு இடிக்கிறது. ஒரு பைக்கு ஆப்பிள், வெண்ணெய், சர்க்கரை, அடுப்பு எரிய ஆகும் செலவு எல்லாம் சேர்த்துப் பத்து டாலர் என்று வைத்துக்கொள்வோம். அது செய்பவரின் கைக்காசு. சந்தையில் பதினைந்துக்கு விற்கும். வாங்குபவர் பெரும்பாலும் கோயிலில் இரண்டு பெஞ்சு தள்ளி உட்காரும் ஆள்தான். அவர் பின்னிக் கொடுத்த கம்பளித் தொப்பியைப் பை செய்தவர் வாங்கிப் போவார். அரை நாள் உழைப்பு, எட்டு ஜோடிக் கை, அடுப்பு, ஓட்டம். அதற்குப் பதில் ஆளுக்கு ஐம்பது டாலர் காணிக்கைத் தட்டில் போட்டுவிட்டு வீட்டில் காலை நீட்டிப் படுத்திருந்தால் கோயிலுக்கு வரும்படி இதைவிட அதிகம். சபையின் பொருளாளருக்கு இது தெரியாததல்ல. அவரும் மேசையின் கடைக்கோடியில் உட்கார்ந்து சீவிக்கொண்டுதான் இருக்கிறார்.

இந்தக் கோயில் எபிஸ்கோப்பல் திருச்சபையைச் சேர்ந்தது. உலக ஆங்கிலிக்கன் குடும்பத்தின் அமெரிக்கக் கிளை அது. பணக்காரர் சபை என்று ஒரு பழைய பெயரும் அதற்கு உண்டு. நியூயார்க் வால் தெரு முனையில் நிற்கும் டிரினிட்டி கோயிலைப் பார்த்தால் நம்பத்தான் தோன்றும். 1705-இல் இங்கிலாந்து அரசி ஆன் கொடுத்த மன்ஹாட்டன் நிலம் இன்று பல நூறு கோடி டாலர் சொத்தாகிவிட்டது. ஆனால் நாடெங்கும் உள்ள எபிஸ்கோப்பல் சபைகளில் பாதிக்கு மேற்பட்டவற்றில் ஞாயிறன்று நூறு பேர்கூடக் கூடுவதில்லை. அந்த டிரினிட்டி கோயிலின் இன்றைய கட்டடத்தை வரைந்த ரிச்சர்ட் அப்ஜான்தான், ஏழைச் சபைகளும் ஊர்த் தச்சரை வைத்தே கட்டிக்கொள்ளும்படி ஒரு சின்ன மரக்கோயிலின் வரைபடங்களை 1852-இல் புத்தகமாகப் போட்டார். அந்தப் பாணியில் எழுந்த மரக்கோயில்கள் இன்றும் நிற்கின்றன. கூரை ஒழுகும், கொதிகலன் மக்கர் செய்யும். குளிர்காலத்துக்கு முன் எண்ணெய்த் தொட்டியை நிரப்பியாக வேண்டும். இலை நிறம் மாறும்போது பணக் கவலையும் வந்துவிடுகிறது.

பணம் வேண்டும், ஆனால் எப்படிக் கேட்பது? இந்தச் சபைக்கு அந்தக் கலை பிறவியிலேயே கைவரவில்லை. கேட்கவேண்டிய தேவையே முதலில் இருக்கவில்லை என்பதுதான் காரணம். குடியேற்றக் காலத்து நியூ இங்கிலாந்தில் ஆங்கிலிக்கன் குருமார் பலருக்குச் சம்பளம் லண்டனிலிருந்து வந்தது. அனுப்பியது 1701-இல் தொடங்கிய எஸ்.பி.ஜி. என்ற மிஷனரிச் சங்கம். பின்னாளில் திருநெல்வேலிப் பக்கத்து இடையன்குடியில் மிஷனரி கால்டுவெல்லுக்கு ஆதரவாக இருந்ததும் இதே எஸ்.பி.ஜி.தான். வர்ஜீனியாவில் கதை வேறு. அங்கே கோயில் வரி சட்டப்படி கட்டாயம், அதுவும் புகையிலையாக. குருவானவருக்கு ஆண்டுச் சம்பளம் 16,000 பவுண்டு எடையுள்ள புகையிலை. வாசனைப் புகையிலை விளையும் ஊருக்கு மாற்றல் கேட்டுக் குருமார் போட்டி போட்டார்கள் என்றால் வியப்பில்லை. 1758-இல் விளைச்சல் பொய்த்துப் புகையிலை விலை எகிறியபோது, சட்டமன்றம் ஒரு பவுண்டுக்கு இரண்டு பென்னி என்று கணக்கிட்டுக் காசாகக் கொடுத்தால் போதும் என்றது. ஜேம்ஸ் மௌரி என்ற குருவானவர் வழக்குப் போட்டார். எதிர்த்து வாதாடியவர் பேட்ரிக் ஹென்றி என்ற இளம் வழக்கறிஞர். 1763-இல் நடுவர் குழு மௌரிக்கு அளித்த இழப்பீடு ஒரே ஒரு பென்னி. கட்டாயமாகக் கொடுத்துப் பழகிய மக்கள் மனத்துக்குள் என்ன நினைத்துக்கொண்டிருந்தார்கள் என்பதற்கு அந்த ஒரு பென்னியைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை.

சுதந்திரப் போரோடு லண்டன் பணம் நின்றது, வரியும் போனது. மிச்சம் இருந்தது பெஞ்சு வாடகை. குடும்பத்துக்கு ஒரு பெஞ்சு, முன்வரிசைக்குக் கூடுதல் விலை, வாடகை கொடுக்க முடியாதவர்களுக்குப் பின்னாலோ மாடத்திலோ இடம். கேட்கும் கூச்சம் இதில் இல்லை, ஏனென்றால் இது கேட்பதே அல்ல, விற்பது. நியூயார்க்கில் வில்லியம் அகஸ்டஸ் மியூலன்பர்க் 1846-இல் பெஞ்சு வாடகையே இல்லாத ஒரு கோயிலைத் திறந்தபோது அது புதுமையாகப் பேசப்பட்டது. வழக்கம் முழுதாக மறைய மேலும் பல பத்தாண்டுகள் ஆயின.

இதற்கிடையில் பெண்கள் வேறொரு வழி கண்டிருந்தார்கள். அதன் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு கோயிலுக்காக நடந்ததல்ல, ஒரு கல்தூணுக்காக. பாஸ்டனில் பங்கர் ஹில் போர் நினைவுத்தூண் 1825-இல் தொடங்கிப் பணமில்லாமல் பாதியில் நின்றது. சாரா ஜொசஃபா ஹேல் என்ற பத்திரிகை ஆசிரியர் பெண் வாசகர்களிடம் ஆளுக்கு ஒரு டாலர் கேட்டுப் பார்த்தார், பெரிதாகத் தேறவில்லை. பிறகு 1840 செப்டம்பரில் குவின்சி மார்க்கெட்டில் பெண்களின் சந்தை ஒன்றுக்கு ஏற்பாடு செய்தார். பழப்பாகு, கேக், தைத்தது, பின்னியது என்று ஒரு வாரம் விற்றதில் 30,000 டாலருக்கு மேல் சேர்ந்தது. தூண் எழுந்தது. சும்மா கேட்டபோது ஒரு டாலர் எடுக்கத் தயங்கிய ஊர், கையில் ஒரு ஜாடி கொடுத்ததும் பையைத் திறந்தது. (தேங்ஸ்கிவிங் நாளைத் தேசிய விடுமுறையாக்கச் சொல்லி ஆண்டுக்கணக்கில் எழுதி, 1863-இல் லிங்கனை அறிவிக்க வைத்தவரும் இதே ஹேல்தான். அமெரிக்க இலையுதிர்காலம் அவருக்கு இரட்டைக் கடன் பட்டிருக்கிறது.)

கோயில் பெண்கள் இந்தப் பாடத்தை மறக்கவில்லை. ஜூலியா செஸ்டர் எமரி என்பவர் எபிஸ்கோப்பல் பெண்கள் துணைச்சங்கத்தின் செயலாளராக 1876 முதல் 40 ஆண்டுகள் இருந்தார். அவர் காலத்தில், 1889-இல் பெண்கள் திரட்டிய முதல் ஒன்றுபட்ட காணிக்கையில் பாதி அலாஸ்காவின் ஆன்விக்கில் ஆலயம் கட்டப் போனது. மறுபாதி ஜப்பானுக்கு ஓர் ஊழியப் பெண்ணை அனுப்பியது. அதிலிருந்து வளர்ந்ததுதான் இன்றும் வீடுகளில் இருக்கும் நீல அட்டைப்பெட்டி. நன்றி தோன்றும் போதெல்லாம் ஒரு நாணயம். வசந்தத்தில் ஒரு முறை, இலையுதிர்காலத்தில் ஒரு முறை அது கோயிலுக்கு வரும். நம் பக்கத்துச் சபைகளில் அடுக்களைப் பானையில் தினமும் போட்டு வைக்கும் பிடி அரிசிக்கு இது உறவுமுறைதான். ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. திருச்சபையின் பொதுப் பேரவையில் பெண்கள் பிரதிநிதிகளாக உட்கார 1970 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. திரட்டியவர்கள் ஒரு பக்கம், செலவிட முடிவெடுத்தவர்கள் இன்னொரு பக்கம்.

கணக்கு இடிக்கும் வியாபாரம் திருநெல்வேலிக்காரர்களுக்குப் புதிதல்ல. கோயில்களில் நடக்கும் அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஒரு சேவலும் ஒரு வாழைத்தாரும் சந்தை விலைக்கு எத்தனை மடங்கு போகும் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். ஏலத்தில் எடுத்தவர் அதையே மறுபடி கோயிலுக்குக் கொடுத்து மறு ஏலம் விடச் சொல்வதும் உண்டு. அந்தப் பண்டிகையின் இன்றைய வடிவத்துக்கு வித்திட்டவர் இங்கிலாந்தின் மோர்வென்ஸ்டோ ஊரில் 1843-இல் நன்றி ஆராதனை நடத்திய ராபர்ட் ஹாக்கர் என்ற குருவானவர். ஏலத்தின் சத்தத்தையும் கேலியையும் நம்மவர்கள் தாங்களாகச் சேர்த்துக்கொண்டார்கள் போலும்.

அமெரிக்கக் கோயில் முற்றங்களில் அக்டோபர் முழுக்கப் பறங்கிக்காய் நிற்கும். நியூ மெக்ஸிகோவின் ஃபார்மிங்டன் அருகே நவாஹோ பழங்குடி நிலத்தில் விளைந்தவை லாரி லாரியாக நாடு முழுவதும் போகின்றன. முன்பணம் கிடையாது. விற்றதில் ஒரு பங்கைக் கோயில் வைத்துக்கொண்டு மீதியை அனுப்பினால் போதும். லாரி வரும் நாள்தான் பார்க்க வேண்டியது. லாரியிலிருந்து புல்வெளி வரை மனிதச் சங்கிலி. சாரணச் சிறுவர்கள், பாடகர் குழு, ஞாயிறு ஆராதனைக்கே வராத பக்கத்து வீட்டுக்காரர், எல்லோரும் கைமாற்றிக் கைமாற்றி இறக்குவார்கள். ஒவ்வொரு காயும் இருபது கை பட்டுத்தான் தரைக்கு வரும். அக்டோபர் 31 ஹாலோவீன் முடிந்தால் மறுநாள் அதற்கு மதிப்பில்லை. மிஞ்சியவை பன்றிப் பண்ணைக்கோ உரக்குழிக்கோ போகும். இதே மாதம் 4-ஆம் தேதியை ஒட்டி, புனித பிரான்சிஸ் நாளுக்காக நாயும் பூனையும் வாகன நிறுத்தத்தில் வரிசை கட்டி ஆசீர் வாங்கும். அதற்குக் கட்டணம் இல்லை. ஆனால் நாயைக் கூட்டி வந்தவர் ஒரு பறங்கிக்காயாவது வாங்காமல் போகமாட்டார்.

இவ்வளவுக்கும் பிறகு, ஆண்டுச் செலவின் பெரும்பகுதி சந்தையிலிருந்து வருவதில்லை என்பதே உண்மை. அது வருவது ஒரு சிறு அட்டையிலிருந்து. வரும் ஆண்டில் இவ்வளவு கொடுப்பேன் என்று ஒவ்வொரு குடும்பமும் எழுதி உறையிலிட்டு, நவம்பர் ஞாயிறொன்றில் பலிபீடத்தின் முன் வைக்கும் வாக்குக் காணிக்கை அட்டை. அதை வைத்துத்தான் சபையின் நிர்வாகக் குழுவான வெஸ்ட்ரி அடுத்த ஆண்டுக்குத் திட்டம் போட முடியும். வருமானத்தில் பத்தில் ஒன்றே குறைந்தபட்ச அளவு என்று பொதுப் பேரவை 1982-இல் தீர்மானித்தது. பெரும்பாலோர் அதை எட்டுவதில்லை. அந்த ஞாயிறுகளில் குருவானவரின் குரல் கொஞ்சம் இறங்கிப் போகும். தமிழ் வேதாகமம் உக்கிராணக்காரன் என்று சொல்லும் ஆளைப் பற்றி, பணம் என்ற சொல்லைக் கூடியவரை தொடாமல் பேசுவார். கேட்பவர்கள் காலணியைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். முந்நூறு ஆண்டு ஆகியும் அந்தக் கூச்சம் போகவில்லை.

சந்தை இந்தக் கூச்சத்துக்கு ஒரு சாக்கு என்று கண்டிப்பான போதகர்கள் சொல்வார்கள். பை வாங்கிய திருப்தியில் அட்டையில் எழுதும் எண் சுருங்கிவிடுகிறது என்பது அவர்கள் குறை. அதில் நியாயம் இருக்கிறது. இன்னொரு குறையும் உண்டு, அதை யாரும் உரக்கச் சொல்வதில்லை: சீவுபவர்களுக்கு வயதாகிறது. மடக்கு மேசைகளைப் படியேற்ற ஆள் இல்லாமல் சந்தையைக் கைவிட்ட சபைகள் இருக்கின்றன. ஆனால் ஓய்வூதியத்தில் காலம் தள்ளும் ஒரு பாட்டி வாரத்துக்கு இரண்டு டாலருக்கு மேல் அட்டையில் எழுத முடியாதவராக இருக்கலாம். அவர் கைப்பக்குவத்துக்காகப் பக்கத்து ஊரிலிருந்து ஆள் வரும் நாள் ஆண்டில் ஒன்றுதான். அன்று அவர் கொடுப்பவர். வங்கி மேலாளர் அவர் முன்னால் வரிசையில் நிற்பவர்.

நவம்பர் சந்தை பிற்பகல் இரண்டு மணிக்கு ஓயும். தொப்பிகள் போய்விட்டிருக்கும், உடைந்த விளக்கும் யாரோ 1980-களில் வாங்கிய பாட்டுத் தட்டுகளும் கிடக்கும். பணப்பெட்டியைப் பொருளாளர் மூட வரும் நேரத்தில் பை மேசையில் ஒன்றிரண்டு மிஞ்சியிருக்கும். மேலே ஒட்டிய சீட்டில் பெயர் இருப்பதால் யார் செய்தது என்பது எல்லோருக்கும் தெரியும். செய்தவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, யாரும் கவனிக்காததுபோல் பதினைந்து டாலரை எடுத்து நீட்டுவார். பொருளாளரும் ஒன்றும் சொல்லாமல் வாங்கி, வரவில் எழுதிக்கொள்வார். அந்தப் பை, மறுநாள் ஆராதனை முடிந்து காபி குடிக்கிற நேரத்தில், ஏற்கனவே துண்டு போட்டு, அதே மேசைக்கு வந்திருக்கும்.