துன்புறுத்தும் எண்ணங்கள் பாவமாகுமா?

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஞாயிறு பூசை முடிந்து, சனங்கள் கலைந்து போனபின், வயதான தாய் ஒருவர் கோவில் விறாந்தையில் என்னைக் காத்து நின்றார். பாவசங்கீர்த்தனத்துக்கு வந்தவரல்லர். மனதிலுள்ளதைச் சொல்லவென்று வந்தவர். அவருடைய அனுமதியோடுதான் இதை எழுதுகிறேன். பேரும் ஊரும் வேண்டியதில்லை.

“சுவாமி, நான் நன்மை வாங்கிறதை விட்டு ஆறு வருசமாச்சுது” என்று தொடங்கினார். 2009 ஆம் ஆண்டில் வன்னியில் அவருடைய ஒரே மகன் காணாமற் போனான். அன்று தொட்டுச் செபமாலை சொல்லாமல் அவர் படுத்ததில்லை. “வாய் செபம் சொல்லுது, மனம் ஆண்டவரை ஏசுது. பக்கத்து வீட்டுப் பிள்ளை கனடாவில இருந்து வந்து நிக்கேக்கை, இவனும் துலைஞ்சு போயிருக்கலாமே எண்டு ஒரு எண்ணம் வருது, சுவாமி. அந்தப் பிள்ளையை இந்தக் கையால தூக்கி வளர்த்தனான். இந்த மனத்தோட எப்பிடிச் சற்பிரசாதம் வாங்கிறது?”

நான் என்ன சொன்னேன்? “அப்பிடியெல்லாம் நினைக்கக் கூடாதம்மா, நல்லாச் செபியுங்கோ” என்றேன். அவர் தலையை அசைத்துவிட்டுப் பேசாமற் போனார்.

அன்று பின்னேரமே என் மனம் என்னைக் குத்தத் தொடங்கிவிட்டது. நினைக்கக் கூடாது என்று அவருக்குத் தெரியாதா? தெரிந்தபடியாலன்றோ ஆறு வருடமாய்ப் பந்தியிலிருந்து விலகி நின்றார்? அவர் கேட்டது வேறு கேள்வி. நான் வரவழைக்காத, நான் வெறுக்கிற ஓர் எண்ணம் என் உள்ளத்தில் எழுந்தால், அதற்கு நான் குற்றவாளியா? வேதனையினால் உள்ளம் கசந்து போனவர்களுக்கு இறைவனின் வீட்டில் இடமுண்டா? இக்கேள்வியை மனதுக்குள்ளே வைத்துக்கொண்டு பின்வாங்கில் முழந்தாளிடுகிறவர்கள் எல்லாப் பங்குகளிலும் இருக்கிறார்கள். அவர்களுக்காகவே இதனை எழுதுகிறேன்.

உணர்வதும் இசைவதும்

திருச்சபையின் போதனை இதில் தெளிவானது. பாவத்துக்கு அறிவும் வேண்டும், மனம் பொருந்திய சம்மதமும் வேண்டும். கோபம், வெறுப்பு, பொறாமை, அச்சம் முதலிய உணர்ச்சிகள் எழுவது மட்டும் நன்மையுமன்று, தீமையுமன்று. நமது அறிவும் சித்தமும் அவற்றை என்ன செய்கின்றன என்பதிலேயே நன்மை தீமை தங்கியிருக்கின்றது. 1992 ஆம் ஆண்டில் வெளியான கத்தோலிக்க திருச்சபையின் மறைக்கல்வி நூலும் இதனையே கற்பிக்கின்றது.

ஜெனீவாவின் ஆயராயிருந்த புனித பிரான்சிஸ்கு சலேசியார், 1609 ஆம் ஆண்டில் வெளியிட்ட தமது பக்தி நெறி நூலிலே இதைப் படிப்படியாக விளக்குகிறார். முதலிற் சோதனை வருகின்றது. பின்பு அதில் ஓர் இனிப்புத் தோன்றுகின்றது. கடைசியாகவே சித்தம் இசைகின்றது, அல்லது மறுக்கின்றது. சோதனை வாழ்நாள் முழுவதும் நீடித்தாலும், அது நமக்குப் பிடிக்காமலும் நாம் அதற்கு இசையாமலும் இருக்கும்வரை இறைவனுக்கு நம்மீது வெறுப்பு உண்டாவதில்லை என்பது அவருடைய போதனை.

இது ஏட்டிலே படித்தவர் எழுதிய எழுத்தன்று. சலேசியார் பத்தொன்பது வயதிலே பாரிஸ் நகரில் மாணவராயிருந்தபோது, தாம் நரகத்துக்கென்று குறிக்கப்பட்டவர் என்ற எண்ணம் அவரைப் பிடித்துக் கொண்டது. ஏறக்குறைய ஆறு வாரங்கள் ஊணும் உறக்கமும் இன்றி வாடினார். முடிவில் ஓர் ஆலயத்திலே தேவதாயின் சுரூபத்தின்முன் விழுந்து, மறுமையில் உம்மை நேசிக்க எனக்கு இல்லையென்றாலும் இம்மையிலாவது முழு இதயத்தோடும் நேசிக்க அருளும் என்ற கருத்துப்பட மன்றாடினார். அந்நேரமே பாரம் இறங்கிற்று. பிற்காலத்தில் கலங்கிய ஆன்மாக்களை அவர் அத்தனை கனிவோடு நடத்தியதன் காரணம் இதுவே.

ஒரு விதவையின் கதை

அவரிடம் வந்த ஆன்மாக்களுள் ஒருவர் புனித சாந்தால் யோவான்னா அம்மையார். 1572 ஆம் ஆண்டில் பிரெஞ்சு நாட்டின் திஜோன் நகரிற் பிறந்தவர். 1601 ஆம் ஆண்டில், வேட்டைக்குப் போன அவருடைய கணவர், கூடப்போன நண்பரின் துவக்குச் சூடு தவறுதலாய்ப் பட்டு வீழ்ந்தார். ஒன்பது நாள் துடித்து இறந்தார். இறக்குமுன் தம்மைச் சுட்டவரைக் கணவர் மன்னித்து விட்டார். மனைவியால் மன்னிக்க முடியவில்லை. இருபத்தொன்பது வயது, நான்கு சிறு பிள்ளைகள். தவறுதலாய் நடந்ததென்று அறிவு சொல்லிற்று, நெஞ்சு கேட்கவில்லை. அந்த மனிதரைக் காணவும் அவருக்கு மனம் வரவில்லை.

1604 ஆம் ஆண்டுத் தபசு காலத்தில் திஜோனிலே சலேசியார் போதித்ததைக் கேட்டு, அவரை ஆன்ம குருவாகக் கொண்டார். அந்த மனிதரைச் சந்திப்பது பற்றி அவர் கேட்டபோது சலேசியார் கொடுத்த ஆலோசனையை நாம் நன்றாகக் கவனிக்க வேண்டும். நீராகத் தேடிப் போகவேண்டியதில்லை. ஆனால் அவர் வர விரும்பினால் சாந்தத்தோடும் இரக்கத்தோடும் ஏற்றுக்கொள்ளும் என்றார். அப்போது உமது நெஞ்சு பதறும், இரத்தம் கொதிக்கும் என்பதையும் முன்கூட்டியே சொன்னார். அதனாலென்ன, இலாசருடைய கல்லறையண்டையிலே நமது ஆண்டவரின் உள்ளமும் கலங்கியதன்றோ என்பது அவர் காட்டிய நியாயம்.

பதறும் நெஞ்சை மாற்றிவிட்டு வா என்று அவர் சொல்லவில்லை. அந்த நெஞ்சோடேயே ஒரு நன்மையைச் செய் என்றார். அம்மையார் அப்படியே செய்தார். சிறிது சிறிதாக, அந்த மனிதரின் குழந்தைக்கு ஞானத்தாயாக நிற்குமளவுக்கு வந்தார்.

கதை இத்துடன் முடிந்திருந்தால் இலகுவாயிருக்கும். ஆனால் விசுவாசத்துக்கு விரோதமான எண்ணங்களும் உள்ளத்து இருளும் அவரை நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக அலைக்கழித்தன. 1610 ஆம் ஆண்டில் அன்னெசி நகரில் மரியாளின் சந்திப்புச் சபையைத் தொடங்கியபோதும் அவை போகவில்லை. கன்னியர் மடங்கள் பெருகப் பெருக, அவற்றின் தாய் உள்ளத்திலே வறண்டிருந்தார். அவரை நன்கறிந்த புனித வின்சென்ட் தே பவுல், அந்த வேதனைகளின் நடுவேயும் அவருடைய முகம் அமைதி குன்றவில்லை என்றும், கடமையில் அவர் தளரவில்லை என்றும் சாட்சியம் எழுதினார். 1641 ஆம் ஆண்டு டிசம்பர் 13 ஆம் நாள் அவர் மரித்தார். 1767 இல் திருச்சபை அவரைப் புனிதர் வரிசையிற் சேர்த்தது. நாற்பது ஆண்டு வந்து போன எண்ணங்களைத் திருச்சபை அவருடைய கணக்கில் பாவமாக எழுதவில்லை.

அவருக்கு எழுதிய கடிதமொன்றிலே சலேசியார் ஒரு ஞாயம் சொல்கிறார். பகைவன் வாசலில் நின்று இவ்வளவு சத்தமிடுவது நல்ல அடையாளம். அவன் இன்னும் உள்ளே வரவில்லை என்பதற்கு அதுவே அத்தாட்சி என்கிறார். நமது ஊரிலே சொல்வதானால், படலையிலே நின்று குரைக்கிற நாய் வீட்டுக்குள்ளே இல்லை.

அப்படியென்றால் எதுவும் பாவமில்லையா?

இவ்விடத்தில் ஒருவர் நியாயமாகவே கேட்கலாம்: “எண்ணம் தானாக வந்தது என்று சொல்லி எவரும் தப்பித்துக் கொள்ளலாமே?” இல்லை. படலையைத் திறந்து விடுகிறவர்களும் உண்டு. கசப்பு வருவது ஒன்று. அதற்குப் பாய் விரித்து, விளக்கேற்றி, இரவிலே அதனோடு உட்கார்ந்து பேசுவது வேறொன்று. பட்ட காயத்தை நாள்தோறும் விரும்பி எண்ணிப் பார்ப்பதும், அயலவனைப் பற்றிக் கோள் சொல்லி அதற்குத் தீனி போடுவதும், செய்யக்கூடிய உதவியைச் செய்யாமல் விடுவதும் சம்மதத்தின் அடையாளங்கள். அங்கே மனஸ்தாபமும் பாவசங்கீர்த்தனமும் வேண்டும்.

எப்படி வேறுபாடு காண்பது? ஒரு சிறிய சோதனை உண்டு. அந்த எண்ணத்தை இப்பொழுதே எடுத்து விடுகிறேன் என்று ஆண்டவர் கேட்டால், “எடுத்து விடும்” என்று நீங்கள் சொல்வீர்களா? ஆம் என்றால் உங்கள் சித்தம் அதன் பக்கம் இல்லை. அந்தத் தாய் ஆறு வருடம் அழுததே அவர் இசையவில்லை என்பதற்குச் சாட்சி. இசைந்தவர் அழுவதில்லை.

இறைவனோடு முறையிடுவதும் இப்படியே. யோபு தாம் பிறந்த நாளையே சபித்தார். இறைவனை வழக்குக்கு அழைத்தார். முடிவிலே இறைவன் கோபித்தது யோபுவை அல்ல, இறைவனுக்காக வாதாட வந்த நண்பர்களையே. எண்பத்தெட்டாம் சங்கீதம் ஆறுதலான ஒரு வசனமுமின்றி இருளிலேயே முடிகின்றது. ஆயினும் திருச்சபை அதனைத் தன் செபப் புத்தகத்திலிருந்து நீக்கவில்லை. சிலுவையிலே நமது ஆண்டவர் கைவிடப்பட்டவரின் சங்கீதத்தைத் தம் வாயில் எடுத்தார். இறைவனிடம் கோபத்தோடு பேசுகிறவன் இன்னும் இறைவனிடமே பேசுகிறான் என்பதை நாம் மறக்கலாகாது.

செய்யக்கூடியவை சில

முதலாவது, எண்ணத்தோடு மல்லுக்கு நிற்க வேண்டாம். வலையில் அகப்பட்ட பறவை அடித்துக்கொள்ள அடித்துக்கொள்ள மேலும் சிக்குகிறது என்று சலேசியார் சொல்கிறார். எண்ணம் வந்ததா? “ஆண்டவரே, இது என்னுடையதல்ல” என்று ஒரு சொல் சொல்லி, கையில் இருக்கும் வேலையைத் தொடருங்கள்.

இரண்டாவது, ஒருவரிடம் சொல்லுங்கள். புனித இஞ்ஞாசியார் 1522 ஆம் ஆண்டில் மன்றேசா நகரில், அறிக்கையிட்டு முடித்த பாவங்களே திரும்பத் திரும்ப மனதை அரிக்க, உயிரை மாய்த்துக் கொள்ளும் எண்ணம்வரை போனவர். தமது ஆன்ம பயிற்சிகளிலே அவர் எழுதி வைத்த பாடம், பகைவன் இரகசியத்தையே விரும்புகிறான், நல்ல ஆன்ம குருவிடம் வெளிப்படுத்தினால் அவன் தோற்றுப் போகிறான் என்பதாகும். இருள் சூழ்ந்த காலத்தில் முன்னே எடுத்த நல்ல தீர்மானத்தை மாற்றலாகாது என்பதும் அவர் வகுத்த விதி. கோவிலை விட்டுவிடலாம் என்று தோன்றுகிற நாளிலே அந்த முடிவை எடுக்காதிருங்கள்.

உறக்கமில்லாமை, உணவில் வெறுப்பு, உயிர்மேல் வெறுப்பு என்று நீடித்தால் அன்றைக்கே வீட்டாரிடம் சொல்லி வைத்தியரிடம் போங்கள். மனமும் உடலைப்போல் நோய்ப்படும். மருந்து எடுப்பது விசுவாசக் குறைவன்று. வைத்தியரும் இறைவனின் கொடையே.

மூன்றாவது, நற்கருணையை விட்டு விலகாதீர்கள். 1905 ஆம் ஆண்டில் பத்தாம் பத்திநாதர் பாப்பரசரின் காலத்தில் வெளியான கட்டளை, அருள் நிலையும் நேரிய நோக்கமும் உள்ள எவரும் அடிக்கடி நன்மை வாங்கலாம் என்று கூறியது. அது புண்ணியவான்களுக்குக் கொடுக்கப்படும் பரிசன்று என்றும் தெளிவுபடுத்தியது. ஐயமிருந்தால் குருவானவரைக் கேளுங்கள். நீங்களே நீதிபதியாயிருந்து உங்களைத் தள்ளி வைக்காதீர்கள்.

நான்காவது, சாந்தால் அம்மையாரைப்போல் ஒரு சிறு நன்மை. மனம் கசந்தாலும் கை கொடுக்கலாம்.

இத்தனையும் படித்துச் சிந்தித்தபின், அடுத்த கிழமை நான் அந்தத் தாயின் வீட்டுக்குப் போனேன். “அம்மா, போன ஞாயிறு நான் சொன்னது பிழை” என்று தொடங்கினேன். நெடுநேரம் கதைத்தோம். மகனின் படத்துக்கு முன்னே இருந்து அழுதார். அவனுக்கு என்ன நடந்தது என்ற கேள்விக்கு என்னிடம் பதிலில்லை. அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் இன்னும் சொல்லவில்லை. அந்த வேதனை நீங்கிவிட்டது என்று நான் எழுதினால் அது பொய்யாகும்.

அடுத்த மாதம் அவர் நன்மை வாங்க வந்தார். பக்கத்து வீட்டுப் பிள்ளை கனடாவுக்குத் திரும்பிப் போன அன்று, தாமே மிளகாய் வறுத்து இடித்த தூளில் ஒரு பை கட்டிக் கொடுத்தனுப்பினாராம். அதை என்னிடம் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. “மனம் இன்னும் கசக்குது, சுவாமி. ஆனா குடுத்தனான்” என்றார்.

அன்பான வாசகரே, உங்களுக்குள்ளும் அப்படியொரு கசப்பு இருக்கலாம். அதைச் சுமந்துகொண்டே வாருங்கள். ஆண்டவர் உங்கள் மனதில் வந்து போகிறவற்றை எண்ணிக் கொண்டிருப்பவரல்லர். கசப்போடு நீட்டிய அந்தக் கையையும் அவர் பார்க்கிறார்.